கடைமடையின் கணக்கு

நுழையும்முன்

மழை தரும் நீருக்கு ஓர் எல்லை உண்டு; அந்நீரை நம்பி உழப்படும் நிலத்திற்கு எல்லை வகுப்பவர் மனிதர்தாம். நிலம் விரியும்போது ஆறு என்னாகிறது? ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்வோர் என்னாகின்றனர்? பவானி ஆற்றுப் பாசனத்தில் இரண்டு ஊர்களை உறவாகக் கொண்ட ஓர் ஆசிரியரின் நினைவுகள் இவ்வினாக்களை நம் முன் வைக்கின்றன.

ஒரே ஆறு, இரண்டு ஊர்

என் அம்மாவின் ஊர் ஈரோட்டுக்குத் தெற்கே, காலிங்கராயன் வாய்க்காலின் கரையில் இருக்கிறது. அப்பாவின் ஊர் கீழ்பவானிக் கால்வாயின் கடைமடைப் பகுதியில், நூறாவது மைல்கல்லுக்கும் அப்பால் இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் நீர் கொடுப்பது பவானி என்னும் ஒரே ஆறு. அந்த ஆற்றின் நீரை முன்னிட்டு என் அப்பாவும் தாய்மாமாவும் எதிரெதிர் அணியில் நின்ற காலம் ஒன்று உண்டு. நான் நீரைப் பற்றி முதன்முதலாகக் கற்றது பாடநூலில் இல்லை, அவ்விருவரிடமிருந்துதான்.

அம்மாவின் ஊரில் எந்தத் திசையில் நடந்தாலும் காலில் ஈரம் படும். நெல்லும் கரும்பும் மஞ்சளும் வாழையும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அம்மாயி வீட்டுத் திண்ணையில் படுத்தால், மதகில் நீர் விழும் ஓசை இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். அப்பாவின் ஊரோ மேட்டாங்காடு. கிளுவை வேலிகளுக்கு உள்ளே கம்பும் சோளமும் விளைந்த செம்மண் நிலம். கிணற்றில் கவலை ஏற்றி ஒரு துண்டு நிலத்தை நனைப்பதற்கு இரண்டு மாடுகளும் ஓர் ஆளும் விடியலிலிருந்து உச்சிப்பொழுதுவரை உழைக்க வேண்டும்.

1950களின் நடுவில் அந்த மேட்டு நிலத்திற்குக் கால்வாய் நீர் வந்தது. நீர் வந்த நாளை என் அப்பாரு பண்டிகை நாளைப்போல் விவரிப்பார். ஊரே கால்வாய்க் கரையில் கூடி நின்றதாம். வறண்ட மண்மீது நுரையும் சருகுமாகத் தவழ்ந்து வந்த நீரைக் கையால் அள்ளிக் கண்களில் ஒற்றிக்கொண்டாராம். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் நெல்லுச்சோறு என்பது நோம்பிக்கும் விருந்துக்கும் மட்டுமே உரியது. அவ்வாண்டுதான் சொந்த நெல்லில் சோறு பொங்கியது.

ஆகவே, பாசனப் பரப்பு விரிவதை ஒரு குற்றமாக நான் எண்ணியதில்லை. அந்த விரிவுதான் எங்களுக்குச் சோறு போட்டது. என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தது. ஆனால், ஒரு நிலத்திற்குப் புதிதாகக் கிடைக்கும் நீர் எங்கிருந்தோ வருகிறது என்பதையும், அது முன்பு வேறு யாருக்கோ சென்றுகொண்டிருந்தது என்பதையும் உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

பழைய ஆயக்கட்டும் புதிய ஆயக்கட்டும்

பவானி, மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிப் பகுதியில் தோன்றுகிறது. கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழைந்து, கிழக்கே திரும்பி, மீண்டும் தமிழகத்திற்கு வருகிறது. மேட்டுப்பாளையத்தைக் கடந்து வரும் அதனுடன் மோயாறு சேர்கிறது. கோபிசெட்டிபாளையத்திற்கு அருகில் கொடிவேரி அணையையும், பவானி நகருக்கு அருகில் காலிங்கராயன் அணையையும் தாண்டி, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது.

காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து சென்று நொய்யலைத் தொடும் அவ்வாய்க்கால் 15,743 ஏக்கருக்கு நீர் தருகிறது. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கரை நனைக்கின்றன. இவை பழைய ஆயக்கட்டு. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 40,000 ஏக்கர். பல நூற்றாண்டுகளாக இவ்வயல்கள் குடித்தது போக எஞ்சிய வெள்ளமெல்லாம் காவிரியில் சேர்ந்தது.

நாடு விடுதலை பெற்றதும் பெருந்திட்டங்களின் காலம் தொடங்கியது. உணவுப் பஞ்சம் கண்முன் நின்ற காலம் அது. 1948இல் தொடங்கி 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணை, 105 அடி உயரத்திற்கு 32.8 டிஎம்சி நீரைத் தேக்கவல்லது. அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் நீளமுடையது. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டப் பகுதிகளில் 2,07,000 ஏக்கருக்கு நீர் தர வகுக்கப்பட்டது. இது புதிய ஆயக்கட்டு. பவானியை நம்பிய வயற்பரப்பு ஒரே தலைமுறையில் ஏறத்தாழ ஆறு மடங்காயிற்று. மலையில் பெய்யும் மழை மட்டும் ஆறு மடங்காகவில்லை.

திட்டத்தை வகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் புதிய ஆயக்கட்டை இரண்டு பாதிகளாகப் பிரித்தனர். மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என வகுத்து, ஒரு பாதிக்கு ஒரு போகத்தில் நெல்லுக்கும், மறுபாதிக்கு அடுத்த போகத்தில் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்கும் நீர் தருவது. அடுத்த ஆண்டு முறையை மாற்றிக்கொள்வது. குறைந்த நீரை நிறையப் பேருக்குப் பகிரும் ஏற்பாடு அது. மழை தவறாத ஆண்டில் அக்கணக்கு சரியாக வரும். மழை தவறிய ஆண்டில்தான் உறவுகள் சோதிக்கப்படும்.

ஒரே நாளில் இரு கூட்டம்

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படியோர் ஆண்டு வந்தது. அணையின் நீர்மட்டம் நாளுக்கு நாள் சரிந்தது. அரசு அலுவலகம் ஒன்றின் முன் ஒரே நாளில் இரண்டு கூட்டங்கள் திரண்டன. எஞ்சிய நீர் தங்கள் நெற்பயிருக்கே வேண்டும் என்று பழைய ஆயக்கட்டினர் ஒரு புறம். கடலைப் பயிருக்கு இன்னும் ஒரே ஒரு நனைப்பு வேண்டும் என்று புதிய ஆயக்கட்டினர் மறுபுறம். முதற்கூட்டத்தில் மாமா நின்றார். இரண்டாவது கூட்டத்தில் அப்பா நின்றார்.

அப்போது என் அப்பாருக்கு உடல்நலம் சரியில்லை. அவரைப் பார்ப்பதற்காக மாமா அன்று மாலை அப்பாவுடன் ஒரே பேருந்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் இருவரும் பேசவில்லையாம். அம்மா இருவருக்கும் அருகருகே இலை போட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகே பேச்சுத் தொடங்கியது.

“மாப்ள, பயிர் கதிர் வாங்கி நிக்குதுங்க. இன்னும் இருபது நாள் தண்ணி வந்தாப் போதும். எழுநூறு வருசமா வந்துட்டிருக்கற தண்ணி. மேல இருக்கறவங்களுக்குக் கீழ இருக்கறவங்க கண்ணுக்குத் தெரியறதில்லீங்க” என்றார் மாமா.

“மச்சான், நாங்க ஒரு நனைப்புத்தான் கேக்கறமுங்க. கடலை காய் புடிக்கற நேரம். எங்களுக்கும் அதுதான சோறு?” என்றார் அப்பா.

கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த அப்பாரு இருவரையும் பார்த்தார். “ரெண்டு பேரு சொல்றதும் நெசந்தான். ஆறு ஒன்னுதானப்பா” என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அவ்வாண்டு எஞ்சிய நீர் பழைய ஆயக்கட்டுக்கே சென்றது. முன்னுரிமை அவர்களுடையது. மாமாவின் வயலில் அரை விளைச்சல். எங்கள் காட்டில் கடலைக்கொடி காயாகாமல் கருகியது. அறுவடை முடிந்ததும் மாமா நான்கு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அப்பா வாசலில் நின்று தயங்கினார். “எங்கண்ணன் ஊட்டு நெல்லு” என்று சொல்லி அம்மா மூட்டைகளை உள்ளே எடுத்து வைக்கச் செய்தார். அந்த நெல்லில் பொங்கிய சோற்றை உண்ணும்போது, எங்கள் கடலையைக் கருகவைத்த நீர்தான் இதை விளைவித்தது என்று சிறுவயதில் எண்ணிக்கொண்டேன். இப்போது வேறு விதமாகவும் எண்ணுகிறேன்: எங்கள் கடலையைக் காப்பாற்றியிருந்தால் அந்த நெல் இருந்திருக்காது.

மேல்மடைக்கு மேலும் ஒரு மடை

சில ஆண்டுகளில் அணை மீண்டும் நிரம்பியது. ஆனாலும் எங்கள் மடைக்கு நீர் முன்போல் வரவில்லை. காரணம் எங்கள் கால்வாயிலேயே இருந்தது. தலைப்பகுதியில் இருந்தோர் சிலர் புன்செய்ப் போகத்திலும் நெல் நட்டனர். கரையோரக் கிணறுகளில் மோட்டார்கள் பெருகின. ஆயக்கட்டில் இல்லாத நிலங்களும் மெல்ல மெல்லப் பச்சை ஆயின. நூறு மைல் கடந்து வரவேண்டிய நீர் வழியிலேயே இளைத்தது.

ஒருநாள் வறண்ட கிளைவாய்க்காலில் நின்றுகொண்டு அப்பா சொன்னார்: “மேல இருக்கறவனுக்குக் கீழ இருக்கறவன் கண்ணுக்குத் தெரியறதில்ல.” அவை மாமாவின் சொற்கள். அப்பாவுக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்.

பின்னாளில், ஆற்றின் வரைபடத்தைப் பார்க்கும்போது இன்னொன்றும் புலப்பட்டது. காலிங்கராயன் அணைதான் பவானியின் கடைசி அணை. அதற்குக் கீழே சிறிது தொலைவில் காவிரி. அங்கிருந்து கிழக்கே போகும் நீரை எதிர்நோக்கித் திருச்சியும் தஞ்சையும் நாகையும் இருக்கின்றன. மாமா தம்மைக் கீழே இருப்பவராகவே கருதினார். காவிரிப் பாசனப் பகுதியின் உழவர் ஒருவர் பார்த்தால் மாமாவே மேலே இருப்பவர். ஆற்றங்கரையில் மேலே மட்டும் இருப்பவரோ கீழே மட்டும் இருப்பவரோ அரிதிலும் அரிது.

வயல் குடித்த நீர்

ஒரு வயலுக்குப் பாய்ச்சும் நீர் மூன்று வழிகளில் செல்கிறது. ஒரு பகுதி வயலின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிறது. பயிரின் வேர் உறிஞ்சி இலை வழியே காற்றில் விடும் நீரும் இதில் சேரும். இன்னொரு பகுதி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது. மூன்றாவது பகுதி வடிகாலாக ஓடிப் பள்ளத்தையோ ஓடையையோ அடைகிறது. பின்னிரண்டும் என்றேனும் ஆற்றுக்குத் திரும்பக்கூடியவை. முதற்பகுதி அந்த ஆற்றுக்குத் திரும்புவதில்லை. வயற்பரப்பு பெருகும்போது பெருகுவது இந்தத் திரும்பாத நீர்தான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. அதாவது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நாற்று நடுவது முதல் அறுவடைவரை நெல்வயலில் நான்கு அடி ஆழ நீர் செலவாகும் என்று கொண்டால், ஒரு டிஎம்சி நீர் ஏறத்தாழ 5,700 ஏக்கர் நெல்லுக்குப் போதும். இதைத் திருப்பிச் சொன்னால், மேல்மடையில் புதிதாக 5,700 ஏக்கர் நெல் நடப்படும்போது ஒரு டிஎம்சி நீர் ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு கசிவாகவும் வடிகாலாகவும் திரும்பலாம். எஞ்சியது திரும்பாது.

கிணறுகளையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். மழையில்லாத மாதங்களிலும் ஆற்றில் மெல்லிய ஓட்டம் இருப்பது ஏன்? கரையின் இருபுறமும் நிலத்தடியில் சேர்ந்த நீர் ஆற்றுக்குள் ஊறிவருவதால்தான். கரையோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் ஆற்றுமட்டத்திற்குக் கீழே இறங்கினால், அந்த ஊற்று நின்றுவிடும். சில இடங்களில் ஆறே மண்ணுக்குள் இறங்கத் தொடங்கும். வாய்க்கால் வெட்டாமலேயே ஓர் ஆற்றை வற்றச் செய்ய முடியும்.

மிச்சம் யாருடையது?

கீழ்பவானிக் கால்வாய் மண்ணால் ஆனது. அதன் அடியிலும் கரையிலும் நீர் கசியும். அந்தக் கசிவு வீண் என்றே நெடுங்காலம் நான் எண்ணியிருந்தேன். ஆனால், கால்வாய்க்குக் கீழ்ப்புறமுள்ள கிணறுகள் ஊறுவது அக்கசிவினால்தான். பள்ளங்களில் சேரும் கசிவுநீர் பழைய பாசனங்களையும் எட்டுகிறது. அப்பாவின் ஊர்க் கால்வாயில் ஓடிய நீரில் ஒரு பங்கு மண்ணுக்கடியில் நடந்து மாமாவின் ஊர்ப்பக்கமும் சென்றிருக்கலாம். இருவரும் அதை அறியாமலே வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

அண்மைக் காலத்தில் கால்வாயைக் கான்கிரீட்டால் சீரமைக்கும் திட்டம் வந்தபோது உழவர்கள் இரு பிரிவாயினர். கசிவு நின்றால் கடைமடைக்கு நீர் வரும் என்றனர் ஒரு சாரார். கசிவு நின்றால் எங்கள் கிணறும் குடிநீரும் நின்றுபோகும் என்றனர் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஓரிடத்தில் மிச்சப்படுத்தப்படும் நீர் இன்னோரிடத்தில் ஒருவருடைய பங்காக இருந்திருக்கலாம்.

சொட்டுநீர்ப் பாசனத்திற்கும் இது பொருந்தும். அது நல்ல முறை. நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும். ஆயினும், மிச்சமான நீரைக்கொண்டு இன்னும் இரண்டு ஏக்கரை உழுதுவிட்டால் ஆற்றுக்கு எதுவும் மிஞ்சாது. சிக்கனம் ஆற்றைச் சென்றடைய வேண்டுமானால் பரப்புக்கும் ஓர் எல்லை வேண்டும்.

அந்த எல்லையை மறந்ததற்கு நடு ஆசியாவில் ஒரு சான்று இருக்கிறது. ஏரல் கடல் 1960இல் உலகின் நான்காவது பெரிய ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். அதற்கு நீரூட்டிய ஆமு தாரியா, சிர் தாரியா ஆகிய ஆறுகளைப் பாலைநிலத்துப் பருத்திக்கும் நெல்லுக்கும் திருப்பினர். வயல்கள் பெருகின, பருத்தி குவிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குள் ஏரி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. முய்நாக் என்னும் மீன்பிடித் துறைமுக நகரில் இன்று கப்பல்கள் மணலில் நிற்கின்றன. அங்குப் பருத்தி பயிரிட்டவர்களும் பசியைப் போக்க உழைத்தவர்கள்தாம். மீனவரின் பங்கு அவர்களது கணக்கில் எழுதப்படவில்லை.

பத்துமா?

பவானியிடம் இன்று மேலும் பலர் நீர் கேட்கின்றனர். நகரங்களும் சிற்றூர்களும் குடிநீருக்காக அதை நம்பியிருக்கின்றன. காலிங்கராயன் அணைக்குக் கீழே ஆண்டுக்கு 1.5 டிஎம்சி உபரிநீரை எடுத்து, 1,045 குளங்குட்டைகளுக்கு அளிக்கும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024இல் செயல்பாட்டுக்கு வந்தது. வறண்ட அவ்வூர்களின் அறுபதாண்டு வேட்கை அது. என் அப்பாரு கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே நீர். அவர்கள் மகிழ்வது எனக்குப் புரிகிறது. ஆனால், ‘உபரி’ என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கணம் நிற்கிறேன். வெள்ளக்காலத்தில் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. வறண்ட ஆண்டில் ஒருவருக்கு உபரியாகத் தெரிவது கீழே ஒருவருக்கு உயிராக இருக்கும். கடலைச் சேரும் நீரும் வீணன்று; கழிமுகத்து மீனும், கரையோர நிலத்தடி நீரில் உப்பு ஏறாதிருப்பதும் அந்நீரைச் சார்ந்தவை.

காலிங்கராயனைப் பற்றி அம்மாவின் ஊரில் ஒரு செய்தி சொல்வர். தம் சொந்த நன்மைக்காகவே வாய்க்கால் வெட்டினார் என்ற பழிச்சொல் எழக்கூடாது என்பதற்காக, தாமும் தம் வழியினரும் அந்நீரைப் பயன்படுத்துவதில்லை என்று அவர் உறுதி பூண்டு, வேற்றூர் சென்று குடியேறினாராம். அத்தகைய துறவு எல்லார்க்கும் இயலாது. உழவர் நிலத்தை விட்டுப் போக முடியாது; போகவும் கூடாது. ஆனால், மேல்மடையில் நிற்பவர் மதகைத் திறக்கும் முன் கடைமடையை ஒருமுறை எண்ணிப் பார்க்க முடியும். எந்தப் பயிரை, எத்தனை ஏக்கரில், எந்தப் போகத்தில் என்று முடிவெடுக்கும்போது கீழே இருப்பவரையும் அழைத்துப் பேச முடியும். ஒரு துளி நீரும் கூடுதலாகக் கிடைக்காவிட்டாலும், அப்பேச்சு பகையைக் குறைக்கும், பங்கை நேர்செய்யும்.

அம்மா தம் கடைசி ஆண்டுகளில் என்னுடன் இருந்தார். கண் மங்கிவிட்டதால், காலையில் நாளிதழ் வந்ததும் அணையின் நீர்மட்டத்தை வாசிக்கச் சொல்வார். நான் அடிக்கணக்கைச் சொல்வேன். எண் பெரியதாக இருந்தாலும் சிறியதாக இருந்தாலும் அவர் ஒரே வினாவைத்தான் கேட்பார்: “ரெண்டு ஊருக்கும் பத்துமா?”

இப்போது நாளிதழைத் திறந்தால் நானே அவ்வினாவைக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு இருந்தவை இரண்டு ஊர்கள். என் வகுப்பில் அமர்ந்திருப்போர் கொடிவேரிப் பாசனத்திலிருந்தும், கால்வாயின் கடைமடையிலிருந்தும், குழாய் நீரை மட்டுமே அறிந்த நகரத் தெருக்களிலிருந்தும் வருகின்றனர். உங்கள் ஊருக்கு எந்த ஆற்றின் நீர் வருகிறது, அந்த ஆற்றில் உங்களுக்குக் கீழே யார் இருக்கின்றனர் என்று கேட்டால், முதல் வினாவுக்கு எல்லாரும் விடை சொல்கின்றனர். இரண்டாவது வினாவுக்குத்தான் வகுப்பு அமைதியாகிறது. அந்த விடையைத் தேடித் தெரிந்துகொள்ளுங்கள்.